குரலைக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

சென்னையில் ஒரு தனியார் தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் 14 வருடமாகச் செய்தி வாசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம், இந்த மார்ச்சில் முடிகிறது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் போகிற புல்லட்டின்களை இனி ஏஐ வாசிப்பாளரே வாசிக்கும், அதற்கு அவர் முகமும் குரலும் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. கிரீன் மேட் (பின்னணியை மாற்ற உதவும் பச்சைத் திரை) முன்னால் இரண்டு நாள், குரலுக்கு மட்டும் நாலு மணி நேர ஒலிப்பதிவு. கொடுப்பது ஒரே ஒரு தடவை, 25,000 ரூபாய். கையெழுத்துக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கப் படிவம். "ஃபார்மாலிட்டிதான் மேடம், எல்லாரும் போடுறாங்க" என்றாராம் எச்.ஆர்., எல்லா சேனலும் மாறிவிட்டது என்றும் சொன்னாராம். ஒன்றரை நிமிட டெமோ ஒன்றையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டை அருகே பேருந்து கவிழ்ந்து நாலு பேர் இறந்த செய்தி, அடுத்து ஒரு கோயில் தேரோட்டம், இரண்டும் அவர் குரலில், இரண்டும் ஒரே தொனியில். "என் குரல்தான். ஆனால் அந்த நாலு பேருக்காக நான் ஒரு நொடி நிறுத்துவேனே, அது இல்லை" என்று எழுதியிருக்கிறார். கணவர் 'மார்ச் வருகிறது, பேசாமல் போட்டுவிடு' என்கிறார். கூட வேலை பார்ப்பவர் 'நேராக ஹைகோர்ட்டுக்குப் போ' என்கிறார். அவர் கேட்பது நான்கு: சம்பளம் வாங்கி வாசித்த குரலில் எனக்கு உரிமை மிச்சம் இருக்கிறதா? குரலுக்குக் காப்பிரைட் பதிவு செய்துவிட்டால் போதுமா? மறுத்தாலும் பழைய பதிவுகளை வைத்துச் செய்துகொள்வார்களே, மறுத்து என்ன பயன்? நானே ஸ்கிரிப்ட் சுருக்க சாட்ஜிபிடி பயன்படுத்துகிறேன், இதைக் கேள்வி கேட்கும் தகுதி எனக்கு உண்டா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நாலு வரியில் கடந்துபோன அந்த டெமோவிலிருந்தே தொடங்குகிறேன். ஒலிப்பதிவுக்கு நீங்கள் இன்னும் போகவில்லை, படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியென்றால் உங்கள் குரலில் பேசிய அந்த ஒன்றரை நிமிடம் எங்கிருந்து வந்தது? பழைய புல்லட்டின்களை எடுத்து ஏதோ ஒரு மென்பொருளில் ஏற்றித்தான் செய்திருக்க முடியும். அதாவது உங்களிடம் கேட்பதற்கு முன்பே ஒரு தடவை எடுத்தாகிவிட்டது. உங்களைக் கோபப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் உங்கள் கையில் இருக்கிற மிக வலுவான கேள்வி இதுதான், அதை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். எந்தப் பதிவுகள் ஏற்றப்பட்டன, எந்த நிறுவனத்தின் கருவியில், அந்தக் கோப்புகள் இப்போது யாரிடம் இருக்கின்றன? இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை படிவத்தைத் தொட வேண்டாம்.

சம்பளத்தோடு எது போனது, எது போகவில்லை

வேலையில் இருக்கும்போது நீங்கள் வாசித்த புல்லட்டின்களின் பதிவு, அந்த ஒளிபரப்பு, அதன் காப்பிரைட், இவையெல்லாம் பெரும்பாலும் சேனலுக்குத்தான். இதில் சண்டை போட்டுப் பயனில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய வெள்ளச் செய்தியை நீங்கள் வாசித்த காட்சியோடு நாளைக்கு மறு ஒளிபரப்பு செய்தால் செய்துகொள்ளலாம். ஆனால் நீங்கள் வாசித்த ஒன்றைத் திரும்பப் போடுவதும், நீங்கள் வாசிக்கவே வாசிக்காத ஒன்றை வாசித்தது மாதிரிக் காட்டுவதும் ஒன்றில்லை. முதலாவதுக்குச் சம்பளம் வாங்கினீர்கள். இரண்டாவதுக்கு யாரும் உங்களிடம் பேரம் பேசியதே இல்லை, 14 வருடத்துக்கு முன்னால் போட்ட ஒப்பந்தத்தில் அது இருந்திருக்கவும் வாய்ப்பில்லை (இருந்தாலும் பழைய ஒப்பந்தங்களை எல்லாம் எடுத்து ஒரு தடவை வாசித்துவிடுங்கள், குறிப்பாகக் கடைசி இரண்டு வருடத்துப் புதுப்பிப்புகளை, சில இடங்களில் இந்த வரியைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைத்திருக்கிறார்கள்).

காப்பிரைட் பதிவு என்கிற யோசனையை விட்டுவிடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு போன்ற படைப்புகளுக்குத்தான். குரல் ஒரு படைப்பு அல்ல, அதனால் குரலுக்குப் பதிவு கிடையாது. பதிவு செய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் அதே சட்டத்தில் உங்களுக்கு உதவக்கூடிய வேறு இடம் இருக்கிறது. 'நிகழ்த்துநர்' என்று ஒரு வகையைச் சட்டம் சொல்கிறது. நடிகர், பாடகர், நடனமாடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, விரிவுரை நிகழ்த்துபவர் என்று வரிசையாகப் போய், 'நிகழ்த்துகிற வேறு எவரும்' என்று முடிகிற வரையறை அது. செய்தி வாசிப்பவர் அதற்குள் வருவார் என்று வாதாட நல்ல இடம் உண்டு. 2012 திருத்தம் நிகழ்த்துநருக்கு ஒரு தார்மீக உரிமையையும் கொடுத்தது: உங்கள் நிகழ்வைச் சிதைத்தோ மாற்றியோ உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி பயன்படுத்தினால் தடுக்கலாம், நஷ்ட ஈடு கேட்கலாம். நாலு பேர் செத்த செய்தியைத் தேரோட்டத்தின் தொனியில் உங்கள் முகம் வாசித்தால் அது உங்கள் பெயருக்கு என்ன செய்யும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், ஆளுமை உரிமை, அதாவது நம் பெயரையும் முகத்தையும் குரலையும் கேட்காமல் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை. இதற்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை, நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டியது. ரஜினிகாந்தின் பெயரையும் உருவத்தையும் அவர் வசனம் பேசும் பாணியையும் அனுமதியில்லாமல் ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 2015இல் தடை போட்டது நம்முடைய சென்னை உயர் நீதிமன்றம்தான். 2023 செப்டம்பரில் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றமும், 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பை உயர் நீதிமன்றமும் பாதுகாப்புக் கொடுத்தன. அரிஜித் வழக்கு அப்படியே குரல் நகலெடுக்கும் ஏஐ கருவிகளைப் பற்றியது. உங்கள் நண்பர் ஹைகோர்ட் என்று சொல்வது இவற்றை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இவை எல்லாம் நாடறிந்த பிரபலங்களின் வழக்குகள், எதிரில் இருந்தவர்கள் அனுமதியே கேட்காத வெளியாட்கள். உங்கள் எதிரில் இருப்பவர் முதலாளி, நடுவில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. 14 வருடம் தினமும் வீட்டுக்குள் வந்த முகம் பிரபலம்தான் என்று நான் வாதாடுவேன், மனப்பூர்வமாகவே வாதாடுவேன், ஆனால் வெற்றி நிச்சயம் என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன்.

மறுத்து என்ன பயன்?

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தமாக இருந்த வரி இது. தொழில்நுட்பத்தால் முடியும் என்பது உண்மைதான், டெமோவே சாட்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள், அனுமதி தேவையே இல்லை என்றால் மூன்று பக்கப் படிவம் எதற்கு, 25,000 ரூபாய் எதற்கு? அவர்களுடைய வழக்கறிஞர் கையெழுத்து வாங்கச் சொல்லியிருப்பார், ஏனென்றால் அது இல்லாமல் ஒளிபரப்புவதில் ஆபத்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உங்கள் கையெழுத்துக்கு விலை இருக்கிறது. அது எவ்வளவு என்று முடிவு செய்வதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

கேட்டு வாங்குவதும் கேட்காமல் எடுப்பதும் எப்படி வேறு என்பதைத் தமிழ் ரசிகர்கள் 2024 தொடக்கத்தில் நேரிலேயே பார்த்தார்கள். மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் ஒரு பாடலில் பயன்படுத்திய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். கிட்டத்தட்ட அதே நேரத்தில், எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியில்லாமல் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். இறந்தவர்களின் குரலுக்கே இந்த மரியாதை கேட்கப்படுகிறது. நீங்கள் உயிரோடு, அதே அலுவலகத்தில், பக்கத்து அறையில் இருக்கிறீர்கள்.

'எல்லா சேனலும் மாறிவிட்டது' என்பதும் முழு உண்மையில்லை. 2023இல் ஒடிசாவின் ஓடிவி லிசா என்ற ஏஐ வாசிப்பாளரைக் கொண்டுவந்தது, இந்திச் சேனல் ஆஜ் தக் சனாவைக் கொண்டுவந்தது, 2024 மே மாதம் தூர்தர்ஷன் கிசான் கிரிஷ், பூமி என்று இருவரை இறக்கியது. எல்லாம் நடந்ததுதான். ஆனால் போலந்தில் கிராகோவ் நகரத்து அரசு வானொலியின் ஒரு பிரிவு 2024 அக்டோபரில் என்ன செய்தது தெரியுமா? மனித அறிவிப்பாளர்களோடு உறவை முடித்துக்கொண்டு ஏஐ அறிவிப்பாளர்களை வைத்தது, 2012இல் இறந்துபோன கவிஞர் ஷிம்போர்ஸ்காவோடு 'நேர்காணல்' கூட ஒலிபரப்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் மனு கொடுத்தார்கள். மூன்று மாதம் நடத்துவதாகச் சொன்ன சோதனையை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏஐ வராது என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அது வந்துவிட்டது. எப்படி வருகிறது என்பதை அங்கே வேலை பார்ப்பவர்களும் கேட்பவர்களும் மாற்ற முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிவத்தில் என்னைப் பயமுறுத்துவது

நீங்கள் அனுப்பிய படிவத்தின் படங்களில் இரண்டாம் பக்கம் ஏழாவது பத்தி: காலவரையின்றி, பிரபஞ்சம் முழுவதிலும், இன்றுள்ள மற்றும் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், துணை நிறுவனங்களும் மூன்றாம் தரப்பினரும் பயன்படுத்தலாம். இப்படித்தான் உலகம் பூராவும் எழுதுகிறார்கள், இது உங்கள் சேனல் கண்டுபிடித்ததில்லை. ஆனால் இதன் அர்த்தத்தை வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். நீங்கள் வேலையை விட்டு வேறு சேனலுக்குப் போன பிறகும், உங்கள் முகம் பழைய சேனலில் 41 வயதிலேயே நின்று செய்தி வாசித்துக்கொண்டிருக்கலாம். தேர்தல் நேரத்தில் உங்கள் குரல் ஒரு கட்சி விளம்பரத்துக்குப் போகலாம். ஒரு சிட்ஃபண்டை உங்கள் முகம் பரிந்துரைக்கலாம், உங்களை நம்பி யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் பணம் போடலாம். அப்புறம் பத்தாவது பத்தி, 'உள்ளடக்கத்தால் எழும் எந்தக் கோரிக்கைக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' என்கிறது. நீங்கள் பார்க்காத, வாசிக்காத வாக்கியத்துக்காக ஒருவர் அவதூறு வழக்குப் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 356ஆவது பிரிவில் உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் புகார் எழுதுவார், ஏனென்றால் திரையில் தெரிந்தது உங்கள் முகம். கடைசியில் வழக்கு நிற்காமல் போகலாம். அதுவரை எழும்பூருக்கு வாய்தாவுக்கு அலைவது நீங்கள்.

டப்பிங் பேசும் ஒரு பெண் முன்பு என்னிடம் வந்திருந்தார். குழந்தைகளுக்கான கதைச் செயலி என்று சொல்லிக் குரல் வாங்கியிருந்தார்கள். அதே குரல் பிறகு கடன் தவணை கேட்கும் தானியங்கி அழைப்பில் மிரட்டலாகப் பேசுவதை அவருடைய அண்ணன் ஒரு நாள் தன் கைபேசியில் கேட்டிருக்கிறார். படிவத்தை வாங்கிப் பார்த்தால் இதே மாதிரி ஒரு பத்தி. பேசிப் பேசி அந்த அழைப்பை நிறுத்த முடிந்தது, ஆனால் கொடுத்த அனுமதி எழுத்தில் இருந்ததால் நஷ்ட ஈடாக ஒரு ரூபாய் கூட வாங்க முடியவில்லை.

என்ன கேட்பது

போட்டுவிடுவதற்கும் வழக்குக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. திருத்தி எழுதச் சொல்லுங்கள். இன்னது இன்னது என்று சொல்லிக் கேட்கும்போது நிர்வாகங்கள் நாம் பயப்படுகிற அளவுக்கு முறைப்பதில்லை.

காலமும் இடமும்: உங்கள் வேலை ஒப்பந்தம் இருக்கும் வரை மட்டும், இந்தச் சேனலும் அதன் யூடியூப் பக்கமும் மட்டும், நள்ளிரவு புல்லட்டின் மட்டும். விளம்பரம், அரசியல், வெளியார் பயன்பாடு எதுவும் தனியாகக் கேட்டு, தனி எழுத்து அனுமதி வாங்காமல் கூடாது. நீங்கள் போகும்போது குரல் மாதிரியை அழித்ததாகச் சேனலும் மென்பொருள் நிறுவனமும் எழுத்தில் தர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காசு: ஒரே தடவைத் தொகை வேண்டாம், மாதாமாதம் அல்லது ஒளிபரப்பாகும் புல்லட்டின் கணக்கில் கேளுங்கள். இதுவரை இரவு ஷிஃப்டுக்குத் தனிப்படி வாங்கியிருப்பீர்கள் அல்லவா, அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

மனிதக் காது: ஒவ்வொரு புல்லட்டினையும் ஒளிபரப்புக்கு முன் டெஸ்க்கில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும், அவர் பெயர் பதிவாக வேண்டும். தமிழுக்கு இது மிகவும் தேவை. எழுத்தில் 'பாவம்' ஒன்றுதான். இரக்கத்துக்கு ஒரு உச்சரிப்பு, நாட்டியத்துக்கு வேறு உச்சரிப்பு. பிராம்ப்டரில் 'குரு' என்று வந்தால் என்ன ஒலி என்று உங்களுக்குத் தெரியும், இயந்திரம் ஊகிக்கும். 108 ஆம்புலன்ஸை நூற்றியெட்டு என்பீர்கள், அது ஒன்று பூஜ்யம் எட்டு என்று போகலாம். இறந்தவரின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்த வீட்டில் அது உங்கள் தப்பாகத்தான் நிற்கும்.

பொறுப்பு: ஏஐ வாசித்த எதற்கும் வழக்கு வந்தால் செலவும் நஷ்ட ஈடும் சேனலுடையது என்று எழுத வேண்டும். திரையில் 'இது ஏஐ வாசிப்பாளர்' என்று புல்லட்டின் முழுக்கத் தெரிய வேண்டும். உண்மை போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லி யூடியூப் 2024 மார்ச்சிலிருந்தே கேட்கிறது, ஆகவே இதை மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

படிவத்தைத் தமிழிலும் கேளுங்கள், இது சலுகை இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பார்க்க வழி கொடுக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அனுமதி சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் இருக்க வேண்டும், பிறகு திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அதே சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் தொடங்கும், தவிர வேலை சம்பந்தப்பட்ட தேவைகளுக்கு முதலாளிக்கு ஒரு விலக்கும் உண்டு. அதனால் இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆனால் மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள். சட்டப் பிரிவினர் கவனிப்பார்கள்.

உங்களைப் போல இரவு ஷிஃப்டில் இருக்கும் மற்றவர்களிடமும் பேசுங்கள். புதுத் தொழில்நுட்பத்தால் ஆட்குறைப்பு வரும் என்றால், தொழிலாளர் வரையறைக்குள் வருபவர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21இல் அமலான தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. நீங்கள் அந்த வரையறைக்குள் வருவீர்களா என்பது ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். எடிட்டிங்கிலும் பிசிஆரிலும் (ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) இருப்பவர்களில் பலர் வரக்கூடும். தனியாகப் போய் நிற்பதைவிட நாலு பேராகப் போனால் எச்.ஆர். பேசும் விதமே வேறு.

மார்ச் பற்றி உங்கள் கணவர் பயப்படுவது நியாயமான பயம், அவரோடு சண்டை போடாதீர்கள். புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்வது சரியில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கும் இடத்தில், கடைசியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டி வந்தால் அதில் அவமானம் எதுவும் இல்லை. தொகையில் விட்டுக்கொடுங்கள். கால எல்லையிலும், விளம்பரம் அரசியல் தடையிலும், பொறுப்பிலும் வேண்டாம்.

அப்புறம் உங்கள் சாட்ஜிபிடி கேள்வி. குற்ற உணர்ச்சியே தேவையில்லை. ஸ்கிரிப்ட் சுருக்குவது உங்கள் வேலை, அதற்கு ஒரு கருவியை எடுக்கிறீர்கள், வந்ததை வாசித்துப் பார்த்துத் திருத்துகிறீர்கள், வாசிக்கும்போது பொறுப்பும் உங்களுடையது. யாருடைய குரலையும் நீங்கள் எடுக்கவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இன்னும் ஒளிபரப்பாகாத செய்தி, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயர், சிறார் விவரம், நிருபர் அனுப்பிய ஆதாரம், இவற்றை அதில் ஒட்டாதீர்கள். அது வெளியாரின் சர்வருக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒலிப்பதிவுத் தேதி குறித்திருந்தால் தள்ளிப்போடுங்கள்; தாள் முதலில், மைக் அப்புறம். வாட்ஸ்அப்பிலோ காரிடாரிலோ பேசாமல், அலுவலக மின்னஞ்சலில் எச்.ஆருக்கு இப்படி எழுதுங்கள், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும்:

"ஏஐ வாசிப்பாளர் திட்டத்தில் ஒத்துழைக்க விருப்பமாக இருக்கிறேன். அதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. எனக்குக் காட்டப்பட்ட டெமோ எந்தப் பதிவுகளை வைத்து, எந்த நிறுவனத்தின் கருவியில், யாருடைய அனுமதியோடு செய்யப்பட்டது? அந்தக் கோப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன? படிவத்தின் தமிழ் வடிவம் கிடைக்குமா? பதில் கிடைத்ததும் என் தரப்புத் திருத்தங்களை அனுப்புகிறேன். அதுவரை என் குரலையும் உருவத்தையும் இந்தத் திட்டத்துக்குப் பயன்படுத்த நான் அனுமதி கொடுக்கவில்லை."

பதில் வந்தால் அதையும், பத்து நாளில் வராவிட்டால் இந்த மின்னஞ்சலின் நகலையும், பழைய ஒப்பந்தங்களோடு எடுத்துக்கொண்டு தொழிலாளர் சட்டமும் பதிப்புரிமையும் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். பிப்ரவரிக்குள் பார்த்துவிடுங்கள்.